கலங்கல் வரை போகும் கணக்கு

(அம்பத்தூரில் ஏரிப் பாதுகாப்புக் குழுக்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்குப் போகிறது. இந்த மூன்றையும் வெட்டியவர்கள் தனித்தனி ஏரிகளாக எண்ணி வெட்டவில்லை. மேலே உள்ளதன் மிகுதிதான் கீழே உள்ளதன் வரத்து என்பது தெரிந்தே வெட்டினார்கள். இன்று அதே வழியில் மழைநீரோடு சாக்கடையும் போகிறது. அம்பத்தூரில் ஒரு தெருவின் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிட்டால் அதன் நாற்றத்தைக் கொரட்டூர்க்காரர் சுமக்கிறார். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் 2016-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனபோதும், பேச்சு கொரட்டூரோடு நிற்கவில்லை. அம்பத்தூர் ஏரியும் ரெட்டேரியும் அந்த விவகாரத்துக்குள் வந்தன. வராமல் இருக்க வழியில்லை.

உங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு கூட்டமைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஆவடி, திருமுல்லைவாயல், பட்டரவாக்கம், அயப்பாக்கம், திருவேற்காடு, பூந்தமல்லி என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஒருவர் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிறார். ஒருவர் தெருக் குப்பையை உரமாக்குகிறார். ஒருவர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கிணற்று மட்டம் பார்க்கிறார். இவர்களைக் கோத்து வைப்பது கூட்டமைப்பின் வேலை.

என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். எங்கள் கூட்டமைப்பு செய்யும் சேவைகளால் பயன் இருக்கிறதா என்பதை எப்படி மதிப்பிடுவது? அதைத் தொடர்ந்து நடத்தப் பணத்துக்கு எங்கே போவது? பல ஆண்டுகளாகத் தொண்டு அமைப்புகளின் கணக்குகளையும் ஆண்டறிக்கைகளையும் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இவை இரண்டும் ஒரே கேள்விதான். பணம் யாரிடமிருந்து வருகிறதோ அவருடைய கண்தான் உங்கள் வேலையை அளக்கிறது. அந்தக் கண் எதுவரை பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதைத்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

சென்னையிலேயே நடந்த ஒரு பெரிய முயற்சியிலிருந்து தொடங்கலாம். 1989-ல் வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். அதன் உயிர்நாடி தெருதான். தெருவாசிகள் கூடி ஒரு சிவிக் எக்ஸ்னோரா அமைப்பார்கள். அதுவரை குப்பை பொறுக்கிப் பிழைத்த ஒருவரைத் தெருவை அழகுபடுத்துபவர் என்ற பெயரோடு வேலைக்கு வைப்பார்கள். அவருக்கு ஒரு மூன்று சக்கர வண்டி. வீட்டுக்கு வீடு குப்பை எடுப்பார். ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கும், அதிலிருந்து அவருக்குச் சம்பளம் போகும். அரசு மானியம், வெளிநாட்டு உதவி என்று எதுவும் தேவைப்படவில்லை. இந்த முறை நகரம் முழுக்கப் பரவியது.

அதில் மதிப்பீட்டுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. தேவையும் இருக்கவில்லை. நாலு நாள் வண்டி வராவிட்டால் ஐந்தாம் தேதி சந்தா வாங்க வருபவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். திருப்தி இல்லையென்றால் பணம் வராது. பணம் கொடுப்பவரும் பயன் பெறுபவரும் ஒரே ஆளாக இருந்ததால் மாதா மாதம் மதிப்பீடு தானாக நடந்தது. இன்று எத்தனையோ லட்சம் செலவழித்து ஆலோசகர்களை வைத்து எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கைகளில் இந்த நேர்மை இல்லை.

ஆனால் அந்தக் கண் தெருமுனை வரைதான் பார்த்தது. வீட்டுக்காரர் கொடுத்த பணம் தன் வாசல் சுத்தமாக இருப்பதற்கு. வண்டி எடுத்துப்போன குப்பை பெரும்பாலும் மாநகராட்சித் தொட்டிக்குப் போனது, அங்கிருந்து லாரியில் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கோ பெருங்குடிக் குப்பை மேட்டுக்கோ போனது. தெரு சுத்தமானது, மேடு உயர்ந்தது. வீட்டிலேயே தரம் பிரிப்பது, உரமாக்குவது என்று எக்ஸ்னோரா பின்னால் எடுத்துவைத்த அடிகள் இந்தக் குறையை உணர்ந்து வைத்தவைதான். ஆனால் அந்த வேலைக்கு மாதச் சந்தா கேட்டு வாங்குவது எளிதாக இருக்கவில்லை, அதன் பலன் கொடுப்பவருடைய வாசலில் தெரியாது என்பதால். 2000-ல் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றலை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாசலில் இருந்து குப்பை போய்விடும் என்றால் வீட்டுக்காரர் ஏன் தனியாகச் சந்தா கொடுக்க வேண்டும்?

இந்த அனுபவத்தில் உங்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பயனாளியின் பணம் ஒரு பைசாவாவது உள்ளே இருந்தால் உங்கள் வேலை உண்மையாக இருக்கும். அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்களாகத்தான் போய்ப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். மதிப்பீடு என்ற சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: பணம் கொடுத்தவருடைய கண் போகாத இடத்துக்கு அவருக்காகப் போய்ப் பார்த்து வருவது.

எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு உரக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். எம்.சி.சி., அதாவது மைக்ரோ கம்போஸ்டிங் சென்டர் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். காலையில் வண்டிகள் வந்ததும் வாசலில் இருக்கும் தராசில் ஏற்றுகிறார்கள். எடை நோட்டில் ஏறுகிறது. மாதக் கடைசியில் அந்த நோட்டைக் கூட்டினால் ஒரு பெரிய எண் வரும், அறிக்கையில் முதல் பக்கத்தில் அது போகும். ஆனால் அதே கூடத்தில் தரம் பிரிக்கும் பெண்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மக்கும் குப்பை என்று வந்த பையைக் கொட்டினால் உள்ளே டயப்பர், நாப்கின், பிளாஸ்டிக் உறையில் கட்டிய சாம்பார். கவனம் தவறிய ஒரு நொடியில் உடைந்த பல்பு. அவர்கள் ஒதுக்கித் தள்ளுவதை 'ரிஜெக்ட்' என்கிறார்கள். கூடத்தின் பின்வாசல் வழியாக அது லாரியில் ஏறுகிறது. அம்பத்தூர் என்றால் கொடுங்கையூருக்கு, ஆவடி என்றால் சேக்காட்டுக் குப்பைக் கிடங்குக்கு. முன்வாசல் தராசு வந்ததை எழுதுகிறது. பின்வாசலில் ஒரு தராசு வையுங்கள். உள்ளே வந்த எடை, உரமாகப் போனது, காயலான் கடைக்குப் போனது, ரிஜெக்ட்டாக லாரியில் ஏறியது என்று நாலு கட்டம் கொண்ட ஒரு பக்கம் போதும். உங்கள் தெருப் பிரச்சாரம் வேலை செய்கிறதா என்பதற்கு நான்காவது கட்டம் பதில் சொல்லும். பிரச்சாரம் நடந்த தெருவின் பையிலும் நடக்காத தெருவின் பையிலும் ரிஜெக்ட் ஒரே அளவு என்றால், துண்டுப் பிரசுரம் எத்தனை ஆயிரம் அச்சடித்திருந்தாலும் அது யாரையும் தொடவில்லை.

அந்தப் பெண்களிடம் இன்னொன்றும் கேளுங்கள். போன மாதம் எத்தனை பேருக்குக் கையில் வெட்டுக்காயம்? கையுறை எத்தனை நாளில் கிழிகிறது? நான் படித்த ஆண்டறிக்கைகளில் இந்த வரியை அரிதாகவே பார்த்திருக்கிறேன். சூழலுக்காக வேலை செய்யும் அமைப்பின் கணக்கில் அந்த வேலையை உடம்பால் செய்பவரின் விரல் இல்லையென்றால் அது கணக்கே அல்ல.

மரம் நடுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நட்ட கன்று எத்தனை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவது கோடையில் நிற்பது எத்தனை என்று எழுதுங்கள்.

மழைநீர் சேகரிப்பு நமக்கு நல்ல பழைய உதாரணம். 2003-ல் தமிழ்நாடு அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே முன்னோடியான முடிவு, அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் அன்று எண்ணப்பட்டது கட்டமைப்புகளின் எண்ணிக்கை. குழாய் இறங்கியிருக்கிறதா, குழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தக் குழியின் மணலை யாராவது மாற்றினார்களா, அது இன்னும் தண்ணீர் உறிஞ்சுகிறதா என்பதை ஆண்டுதோறும் யார் பார்க்கிறார்கள்? 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தோம். அந்த ரயில் வந்து நின்ற இடம் உங்களில் பலருக்கு ஒரு பஸ் தூரம். உங்கள் கூட்டமைப்பு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஆய்வு இதில்தான் இருக்கிறது. ஒரு வார்டில் உள்ள சேகரிப்புக் குழிகளை மழைக்கு முன் ஒருமுறை திறந்து பார்த்து, வேலை செய்வது எது, தூர்ந்தது எது என்று பிரித்து எழுதுங்கள். அதே வீடுகளின் கிணற்று மட்டத்தைச் சித்திரையில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் அளந்து வையுங்கள்.

பருத்திப்பட்டு ஏரியைச் சொல்லாமல் ஆவடிக்காரர்களிடம் பேச முடியாது. கரை பலப்படுத்தி, நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். மாலையில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் மனது நிறைகிறது. ஏரிக்கு மக்கள் திரும்பி வந்ததே ஒரு பலன்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரையும் நடைபாதையும் போட்டோவில் தெரிகின்றன, தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தெரிவதில்லை. நிதி கொடுக்கிறவர் போட்டோவைத்தான் கேட்பார். போட்டோவைக் கொடுங்கள். கூடவே, அவர் கேட்காத தண்ணீர்ப் பரிசோதனை முடிவையும் இணைத்துக் கொடுங்கள். அது மோசமாக இருந்தாலும் கொடுங்கள். மோசமான எண்ணைத் தானாக முன்வந்து காட்டும் அமைப்பை நம்பித்தான் அடுத்த ஆண்டு பணம் கொடுக்க முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தனிக் குழுக்களின் வேலை. கூட்டமைப்பின் சேவையை எப்படி அளப்பது? அது இன்னும் கடினம், ஏனென்றால் கூட்டமைப்பு தானாகக் குப்பை எடுப்பதில்லை, கரை கட்டுவதில்லை. மனு எழுதிக் கொடுக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் எந்த அலுவலகத்துக்கு எப்படிக் கேட்பது என்று சொல்லித்தருகிறது. ஒரு குழுவின் அனுபவத்தை இன்னொரு குழுவுக்குக் கொண்டுபோகிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு. பயிற்சி முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு இதற்கு அளவுகோல் ஆகாது.

நான் மூன்று வேலைகளைச் செய்யச் சொல்வேன். முதலாவது, மனுப் பதிவேடு. ஒவ்வொரு மனுவும் எந்தத் தேதியில் போனது, யாருக்குப் போனது, பதில் எப்போது வந்தது, பதிலுக்குப் பின் அந்த இடத்தில் என்ன மாறியது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் மனுக்கள் எவை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சக்தி எங்கே வீணாகிறது என்பது அதில் புரியும். இரண்டாவது, ஒவ்வொரு உறுப்புக் குழுவிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கூட்டமைப்பு நாளையோடு நின்றுவிட்டால் உங்கள் எந்த வேலை நிற்கும்? சிலர் எதுவும் நிற்காது என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பயப்பட வேண்டாம், அதை எழுதிக்கொள்ளுங்கள். எது நிற்கும் என்று சொல்கிறார்களோ அதுதான் உங்கள் உண்மையான சேவை. மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். விலகிப்போன குழுக்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள், இருப்பவர்களைவிட அவர்களிடம் வெளிப்படையான பதில் கிடைக்கும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஏரிக்கரையை அளந்து ஆக்கிரமிப்பு என்று குறியிட்டால் யாருடைய வீட்டுச் சுவரில் சிவப்பு எண் விழுகிறது? தலைமுறையாகக் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர், நீங்கள் உரக்கூடம் திறந்தபின் எங்கே போனார்? இந்த அரங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் பட்டா வீட்டில் இருக்கிறோம். நம் வேலையால் நமக்கு நல்லது நடந்ததா என்று மட்டும் கேட்டு மதிப்பீட்டை முடித்துவிட்டால், நம் வேலையால் யாருக்காவது கெடுதல் நடந்ததா என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடும். கரையில் வசிப்பவர்களையும் குப்பை பொறுக்குபவர்களையும் மதிப்பீட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

கணக்குக் காட்டுவதில் நமக்குப் பழைய மரபு ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்தில் பெயர் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறைக்காக எல்லோரும் அவற்றைப் பேசுகிறோம். ஆனால் அந்த ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது, அதன் உறுப்பினர்கள் 360 நாள் மட்டுமே பொறுப்பில் இருந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் போடக் கூடாது. அந்தச் சபையில் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே இடம் இருந்தது, ஊரின் மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதை மறைத்துப் பெருமை பேச மாட்டேன். ஆனால் ஏரியைப் பார்ப்பவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். அதை மக்கள் வந்து போகும் மண்டபத்தின் சுவரிலே வெட்டினார்கள். உங்கள் வரவு செலவை ஒரு பக்கத்தில், தமிழில், உறுப்பினர் அனைவரும் படிக்கும் எழுத்தில் எழுதி ஒட்டுவதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். இதில் நிறையத் தவறான நம்பிக்கைகள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் முதலில் கேட்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆர். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருப்பவை பெரும்பாலும் சிறு, குறு பட்டறைகள். அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களிடம் சி.எஸ்.ஆர். என்று கடிதம் எழுதி ஏமாற வேண்டாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தொழிற்பேட்டைக்குள் புகுந்து இயந்திரங்களை நனைத்தபோது, இங்கே நீர் வழிகள் அடைபட்டுக் கிடப்பதன் விலையை அவர்கள் நேரடியாகக் கொடுத்தார்கள். அவர்கள் உங்கள் பயனாளிகள். அவர்களிடம் உறுப்பினராகச் சேரச் சொல்லிக் கேளுங்கள், பொருளாகவும் உழைப்பாகவும் கேளுங்கள்.

அளவைத் தொட்ட கம்பெனிகளும் பக்கத்தில் இருக்கின்றன. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா போன்ற பெரிய ஆலைகளை உங்களுக்குத் தெரியும். ஆவடியில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை நெடுங்காலம் பாதுகாப்புத் துறையின் ஆலை வாரியத்தின் கீழ் இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் அது ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற பொதுத்துறைக் கம்பெனியின் கீழ் வந்துவிட்டது, அந்தக் கம்பெனியின் தலைமையகமும் ஆவடிதான். கம்பெனி என்றால் கம்பெனிகள் சட்டம் பொருந்தும். செயல்படும் ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று அதே 135-வது பிரிவு சொல்கிறது. மும்பையில் இருக்கும் அறக்கட்டளைகளுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் முன் உங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் வாசல்களைத் தட்டுங்கள்.

அதற்கு முன் தகுதி வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவிடும் அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வைத்திருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி 2021 ஏப்ரலில் வந்தது. உங்களில் பெரும்பாலான தெருக் குழுக்களால் இது முடியாது, முடியவும் தேவையில்லை. கூட்டமைப்பு ஒன்று பதிவு செய்துகொண்டால் அதன் நிழலில் சிறு குழுக்கள் திட்டம் நடத்தலாம். கூட்டமைப்பின் சேவைகளில் இதைவிடப் பெரியது இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காகவே இருக்கும் கூட்டமைப்புக்கு அந்தப் பணம் பயன்படாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பெரிய தொகை அனுப்புகிறேன் என்று சொன்னாலும், அவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்பதைப் பார்த்து, தேர்ந்த ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கைநீட்ட வேண்டும்.

அடுத்தது ஒருங்கிணைப்பாளரின் சம்பளம். விண்ணப்பங்களைப் படிக்கும்போது எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. கன்றுகளுக்குத் தொகை இருக்கும், ஜே.சி.பி. வாடகைக்குத் தொகை இருக்கும், விளம்பரப் பதாகைக்குக்கூட இருக்கும். ஐந்து ஊர்களுக்கு நடுவே டூவீலரில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்குத் தொகை இருக்காது. கேட்டால், சி.எஸ்.ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்கிறார்கள். அது தவறு. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். துறையின் பொது நிர்வாகத்துக்குச் செய்யும் செலவின் வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது, 2021 ஆகஸ்டில் அமைச்சகம் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கமும் திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவு இந்த வரம்புக்குள் வராது என்று தெளிவாக்குகிறது. அடுத்த முறை யாராவது 5 சதவீதம் என்று சொன்னால் அந்த விளக்கத்தை மரியாதையோடு மேசையில் வையுங்கள்.

நிர்வாகச் செலவுக்குப் பணம் தர மறுப்பது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2009-ல் அமெரிக்காவில் ஆன் கோகின்ஸ் கிரகரியும் டான் ஹோவர்டும் எழுதிய கட்டுரை இதைப் பட்டினிச் சுழற்சி என்று வருணித்தது. நிதியாளர் நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அமைப்பு உண்மைச் செலவை மறைத்துக் குறைத்துக் காட்டுகிறது. அதைப் பார்த்த நிதியாளர் இவ்வளவுதான் ஆகும் போலிருக்கிறது என்று அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். தன் ஆட்களைத் தானே பட்டினி போட்டு நல்ல பெயர் வாங்கும் அமைப்பு நீடிக்காது. அந்த டூவீலர் பெண் ஒருநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஐந்து ஊர்களின் தொலைபேசி எண்களும் யாரோடு எப்படிப் பேச வேண்டும் என்ற அனுபவமும் அவரோடு போய்விடும்.

கம்பெனியிடம் பணத்தை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கேளுங்கள். தொடர் திட்டம் என்று கம்பெனியின் இயக்குநர் குழு அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை அது நடக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. மார்ச்சில் அவசரமாகக் கொடுத்து மார்ச்சிலேயே செலவழிக்கச் சொல்லும் பணத்தில் ஏரி வேலை நடக்காது.

மதிப்பீட்டையும் அளவோடு செய்யுங்கள். சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, 1 கோடிக்குக் குறையாத திட்டத்துக்கு, அது முடிந்து குறைந்தது ஓராண்டு கழித்து, வெளியார் மூலம் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. உங்கள் நாலு லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு இது பொருந்தாது. அதற்காக யாராவது கனமான மதிப்பீட்டு அறிக்கை கேட்டால், விதியைச் சொல்லி, உங்கள் நாலு கட்டப் பக்கத்தைக் கொடுங்கள். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்ப்பது என்ற அந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் முடிந்த மறுநாள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

தனிநபர் நன்கொடையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 80ஜி விலக்கைச் சொல்லி மாதச் சம்பளக்காரர்களிடம் கேட்டு வந்தீர்கள். புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. இனி வரிச் சலுகைக்காகக் கொடுக்கச் சொல்ல முடியாது, அந்த ஏரிக்காகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஒருவகையில் இது நல்லதுதான், எக்ஸ்னோரா தெருவில் இருந்த நேர்மைக்கு நாம் திரும்ப வேண்டியிருக்கிறது. அரசின் நமக்கு நாமே திட்டமும் அந்த வழியில்தான் போகிறது. மக்கள் தங்கள் பங்கை முதலில் கட்டினால் மீதியை அரசு போடுகிறது. தொண்டு அமைப்புகள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தை என்ற புதிய வழியும் இருக்கிறது, ஆனால் உங்கள் அளவுக்கு அது இப்போது தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின் என் யோசனை இதுதான். வேலைத் திட்டங்களுக்குக் கம்பெனிப் பணமும் அரசுப் பணமும் வரட்டும். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியும், மனுப் பதிவேடும், தண்ணீர்ப் பரிசோதனையும் உறுப்பினர்களின் சொந்தச் சந்தாவில் நடக்கட்டும். கணக்கு கேட்கும் உரிமை வெளியில் இருக்கும் நிதியாளரிடம் முழுவதுமாகப் போய்விடக் கூடாது. அம்பத்தூர்க் குழு ஒரு கால்வாயில் சாக்கடை இணைப்பை அடைக்க வைத்தால் பலன் கொரட்டூரில் தெரியும். அதைக் கொரட்டூர்க்காரர் தன் சந்தாப் பணத்தில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து, அம்பத்தூர்க்காரரிடம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு ஏரியின் வேலையை அடுத்த ஏரிக்காரர் மதிப்பிடும் ஏற்பாடு உங்களால் மட்டுமே முடியும், எந்த ஆலோசனை நிறுவனத்தாலும் முடியாது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்குள் கலங்கல்களில் மட்டப் பலகை வைத்துத் தினசரி மட்டம் குறிப்பதென்றால் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கான மனுவை இப்போதே எழுதத் தொடங்குங்கள், பலகையைத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் செய்து வாங்கலாம்.

சந்தா எவ்வளவு என்பதை இன்று மாலை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். பெரிய அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு தொகை, சிறு தெருக் குழுவுக்கு ஒரு தொகை என்று இரண்டு அடுக்காக வைக்கலாம். கரையோரக் குழுக்கள் பணத்துக்குப் பதில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையைத் தங்கள் பங்காகச் செய்யலாம், அதையும் ரசீதில் வரவாக எழுதுங்கள். தொகை முடிவானால் திங்கள்கிழமையே ரசீதுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.